எழுதாத சீட்டு

தீவிலிருந்து
1747 பிப்ரவரி 9

ரெஜினாவுக்கு,

சலோமி எழுதுகிறேன். கப்பல் எங்களைக் கரையில் இறக்கிவிட்டுப் போய் ஆறு வாரமாகிறது. மத்தேயு நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. சபையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்ட இவ்வளவு போதும். மீதி உனக்கு மட்டும்.

லீசல் எப்படி இருக்கிறாள்?

‘நலம், ஆண்டவருக்குத் தோத்திரம்’ என்று ஒரே வரியில் முடித்தாயானால் நீந்தியாவது வந்து உன் காதைத் திருகுவேன். கடைவாய்ப் பல் வந்துவிட்டதா? தூக்கத்தில் இன்னும் கம்பளியை உதைத்துத் தள்ளுகிறாளா? நாங்கள் புறப்பட்ட காலையில் நீ அவளுக்கு மோர்க் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாய். நான் வாசலில் வந்து நின்றேன். என்னைப் பார்த்தாள், பிறகு கரண்டியைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஒன்றரை வயதில் அம்மாவைவிடக் கஞ்சி முக்கியம்தான், நியாயம்தான். ஆனாலும் கப்பல் முழுக்க அதை நினைத்தே அழுதேன்.

கன்னிச் சகோதரிகள் வீட்டில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து ராட்டையில் நூற்ற நாட்களை இங்கே அடிக்கடி நினைக்கிறேன். என்னை மத்தேயுவுக்குக் கொடுக்கலாமா என்று மூத்தவர்கள் திருவுளச்சீட்டுப் போட்டார்களே, அப்போது நாம் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றோமே. பெட்டியில் மூன்று சீட்டு. ‘ஆம்’ வரவில்லை, ‘இல்லை’ வரவில்லை, ஒன்றுமே எழுதாத சீட்டு வந்தது. காலிச் சீட்டு என்றால் காத்திரு. அந்த மனுஷர் ஒரு வருஷம் என் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் காத்திருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ என் ஜடையைப் பிடித்து இழுத்து, “சீட்டு விஷயத்துல சிரிக்காதடி” என்றாய். சீட்டு என்றால் உனக்கு அவ்வளவு பயம்.

மறு வருஷம் ‘ஆம்’ வந்தது. அப்புறம் இந்தத் தீவுக்குப் போவதற்கும் ‘ஆம்’ வந்தது. குழந்தையைக் கொண்டுபோகலாமா என்று யாரும் கேட்கவே இல்லை. ஊழியத்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நீ பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் வீட்டில் வளர்வது வழக்கம், அதைப் போய் ஆண்டவரிடம் கேட்பார்களா?

இங்கே கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருக்கிற எஃபுவா என்று ஒரு பெண் மாலை ஜெபத்துக்கு வருகிறாள். என் மார்பைப் பார்த்தே எனக்குக் குழந்தை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். “உன் புள்ளய யாரு வித்தாங்க?” என்று கேட்டாள். யாரும் விற்கவில்லை, ஆண்டவரின் வேலைக்காக நானே விட்டுவிட்டு வந்தேன் என்றேன். அவள் பிள்ளைகள் இரண்டையும் வேறு தீவுக்கு விற்றுவிட்டார்களாம். “என்கிட்டேருந்து புடுங்கினாங்க. நீ ஏன் குடுத்த?” என்றாள். மத்தேயு நீளமாக ஒரு பதில் சொன்னார். அவள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

எழுது. நிறைய எழுது.

சலோமி


எலிம்
1747 மே 14

அன்புள்ள சகோதரி சலோமிக்கு,

இரட்சகரின் சமாதானம் உன்னோடிருப்பதாக. குழந்தை நலம், ஆண்டவருக்குத் தோத்திரம்.

காதைத் திருக வர வேண்டாம், மேலே படி. கடைவாய்ப் பல் நாலும் வந்துவிட்டன. அவை வரும் மட்டும் வீட்டில் ஒருவரையும் தூங்கவிடவில்லை. கம்பளியை இப்போதும் உதைக்கிறாள். நான் என் கட்டிலை அவள் தொட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன், கையை நீட்டினால் போர்த்திவிடலாம்.

போன ஞாயிறு அன்பின் விருந்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கும்போது யோஸ்ட் சகோதரரின் ரொட்டியை எடுத்துத் தின்றுவிட்டாள். அவர் கண்ணைத் திறந்து, “ஆண்டவரே, நான் கேட்டது இது இல்லையே” என்றார். மூத்த சகோதரி உர்சுலா அக்காவே சிரித்துவிட்டார். லீசலின் தொப்பிக்குச் சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன். அழகாக இருக்கிறது. எந்த நேரமும் அதை அவிழ்த்து வாயில் போட்டுக்கொள்கிறாள்.

நிறையப் பேசுகிறாள். என்னென்ன பேசுகிறாள் என்று ஒவ்வொன்றாக எழுத இந்தத் தாள் போதாது.

அந்தப் பெண்ணின் கேள்வியைப் படித்தேன். அவளுக்காகவும் அவள் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கிறேன். அது அவளுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும்.

உன் சகோதரி,
ரெஜினா


தீவிலிருந்து
1747 அக்டோபர் 2

ரெஜினா,

மத்தேயு போய்விட்டார். காய்ச்சல். ஞாயிறன்று பிரசங்கம் பண்ணினார், வியாழனன்று அடக்கம் செய்தோம். மரணத்தை அறிவிக்கக் கூரையில் ஏறி எக்காளம் ஊத இங்கே யார் இருக்கிறார்கள்? எஃபுவாவும் இன்னும் சில பெண்களும் வந்து அவர்கள் பாஷையில் ஏதோ பாடினார்கள். அது எந்தத் தெய்வத்துக்கான பாட்டு என்று நான் விசாரிக்கவில்லை. யாராவது பாடினார்களே என்றிருந்தது.

தொப்பியில் மணமானவளின் நீல நாடாவை அவிழ்த்துவிட்டு விதவையின் வெள்ளை நாடா கட்டிக்கொண்டேன். முடிச்சைச் சரிபார்க்க இங்கே கண்ணாடி இல்லை, பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. நாள் முழுவதும் யாரோடும் நம் பாஷையில் ஒரு வார்த்தை பேசாமல் போகிறது. நேற்று ஆட்டோடு பேசிக்கொண்டிருந்தேன். அதுவும் பாதியில் எழுந்து போய்விட்டது.

போன மாதம் வந்த கப்பலில் நம் எலிமிலிருந்து ஒரு சகோதரர் வேறு தீவுக்குப் போகும் வழியில் இறங்கினார். லீசலைப் பற்றிக் கேட்டேன். “உங்க கொழந்தைக்கு ஒரு குறையும் இல்லம்மா. ரெஜினாவ அம்மான்னுதான் கூப்பிடுது. பாக்கவே சந்தோஷமா இருக்கு” என்றார். அவருக்குச் சந்தோஷம்.

ஒவ்வொன்றாக எழுதத் தாள் போதாது என்று எழுதினாயே. அந்த ஒரு வார்த்தைக்குமா தாள் போதவில்லை?

நான் வீட்டுக்கு வர வேண்டும். இங்கே மத்தேயுவின் வேலையைச் செய்ய அடுத்த கப்பலில் இன்னும் இரண்டு பேர் வருகிறார்களாம், நான் தேவையில்லை. மூத்தவர்களிடம் கேள். சீட்டுப் போடச் சொல். எனக்கு லீசல் வேண்டும், ரெஜினா. வேறொன்றும் வேண்டாம்.

சலோமி


எலிம்
1748 ஜனவரி 11

அன்புள்ள சலோமிக்கு,

மத்தேயு சகோதரரின் செய்தி வந்த அன்றே கூரையில் ஏறி எக்காளம் ஊதினார்கள். மணமான சகோதரர்களுக்குரிய ராகம். அதைக் கேட்டதும் ஊரில் கையில் இருந்த வேலையை எல்லாரும் கீழே வைத்துவிட்டு, யார் வீட்டில் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். லீசல் பாட்டு நன்றாயிருக்கிறதென்று கைதட்டினாள். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தடவை கூப்பிட்டபோது, “நான் ரெஜினாடி” என்றேன். மறுநாள் ‘ரெஜினாம்மா’ என்றாள். நாலு நாளில் ரெஜினா உதிர்ந்துபோய் மீதிதான் நின்றது. திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. உனக்கு எழுதியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

நீ கேட்டபடி மூத்தவர்கள் கூடினார்கள். ‘இந்த வசந்தத்தில் சலோமி வீடு திரும்பலாமா’ என்று உர்சுலா அக்கா கேட்டுச் சீட்டை எடுத்தார்.

‘இல்லை’ என்று வந்தது.

ஆண்டவர் உன்னைத் தேற்றுவாராக.

ரெஜினா


தீவிலிருந்து
1748 ஏப்ரல் 3

ரெஜினா,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ‘இல்லை’ என்று வந்தபோது உன் மனம் குளிர்ந்ததா?

வேதாகமத்தின் மேல் கை வைக்க வேண்டாம். லீசல் தலைமேல் கை வைத்துச் சொல்.

சலோமி


எலிம்
1748 ஜூலை 6

சலோமி,

குளிர்ந்தது.

அவள் தலைமேல் கை வைத்துத்தான் எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து நான் மூக்கை உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறாள். சீட்டைப் பிரித்ததும் எல்லாரும் உனக்காகப் பெருமூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். என் பெருமூச்சு வேறு. வெளியே வந்து கிணற்றடியில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், அவர் கேட்டிருப்பார். உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் அந்தக் கிணற்றடி நன்றிதான் தொண்டையில் நிற்கிறது.

கடைசியில் உன் கடிதத்தைக் கொண்டுபோய் உர்சுலா அக்கா முன்னால் வைத்தேன். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“அக்கா, இன்னொரு தடவ சீட்டுப் போடுங்க” என்றேன்.

“அதான் இல்லன்னு வந்துடுச்சே. வேண்டியது வர்ற வரைக்கும் போட்டுப் போட்டுப் பாக்கறதுக்கு இதென்ன தாயமா?”

“நாம ‘வரலாமா’ன்னு கேட்டோம். ‘அங்கயே இருக்கலாமா’ன்னு கேக்கலியே.”

“ரெண்டும் ஒண்ணுதானேடி?”

“ஒண்ணாத்தான் இருக்கும். கேட்டுட்டா தெரிஞ்சிடும்.”

சலோமி, நானா பேசினேன் என்று எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை. உர்சுலா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் மூத்தவர்களைக் கூட்டினார். ‘சலோமி தீவிலேயே இருக்கலாமா’ என்று கேட்டு எடுத்தார்.

அதற்கும் ‘இல்லை’.

யோஸ்ட் சகோதரர்தான், “வரவும் கூடாது, இருக்கவும் கூடாதுன்னா அந்தப் பொண்ணு நடுக்கடல்ல மிதக்கவா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. உர்சுலா அக்கா பெட்டியை மூடித் தள்ளி வைத்தார். “இத நம்ம கையிலயே விட்டுட்டார்னு தோணுது” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “கொழந்தையோட இருக்கறவ நீ. நீ சொல்லு ரெஜினா, அவ வரலாமா?”

என் ஆயுசில் யாரும் என்னை எதையும் முடிவு பண்ணச் சொன்னதில்லை. சீட்டு இருந்தது, எனக்கு அது போதும். அன்றைக்கும் சீட்டே சொல்லிவிடாதா என்று அந்தப் பெட்டியையே பார்த்தேன்.

“வரட்டும்” என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

இலையுதிர் காலத்துக் கப்பலில் உனக்கு இடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வா.

ரெஜினா


எலிம்
1748 அக்டோபர் 20

சலோமி,

நீ வந்ததும் கொடுக்கும்படி இதை உர்சுலா அக்காவிடம் வைத்துவிட்டுப் போகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் சாரோன் குடியிருப்பில் தறிக்கு ஆள் கேட்டிருந்தார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னை யாரும் அனுப்பவில்லை, யார்மேலும் வருத்தப்படாதே.

என் இடத்தில் இனி குழந்தைகள் வீட்டில் நீதான். என் கட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. லீசலுக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது, ஆனால் அது என்னுடைய தட்டில் இருந்தால் எடுத்துத் தின்பாள், அதனால் உன் தட்டில் போட்டுக்கொள். இடி இடித்தால் பயமில்லை, கோழியைக் கண்டால் பயம். மைப்புட்டியைப் பூட்டி வை. ஒரு தடவை தலையோடு கவிழ்த்துக்கொண்டு கரிக்கட்டையாக வந்து நின்றாள். அன்றிலிருந்து மை தராமல் வெறும் இறகுப் பேனாவைத்தான் கொடுக்கிறேன். பக்கம் பக்கமாகக் கீறுவாள். என்ன எழுதினாய் என்றால் வாசித்தும் காட்டுவாள்.

உன்னை அம்மா என்றும் என்னைச் சித்தி என்றும் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தேன். சரி சரி என்று தலையை ஆட்டினாள். “சரிம்மா” என்றுதான் சொன்னாள்.

அவள் தூங்கும்போது கிளம்புகிறேன். நீ எப்படித்தான் அவள் விழித்திருக்கும்போது கிளம்பினாயோ.

ரெஜினா


எலிம்
1749 ஜனவரி 8

அடி ரெஜினா,

உன் கட்டிலில்தான் படுக்கிறேன். ஒரு பக்கம் பள்ளம். அந்தப் பள்ளத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கப்பலேறும்போது எஃபுவா கரைக்கு வந்தாள். “போ, போய் உன் புள்ளய எடுத்துக்க. எனக்குத்தான் ஏற ஒரு கப்பலும் இல்ல” என்றாள். கட்டிப் பிடிக்கப் போனேன், ஒதுங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து பிடுங்கியவர்களின் சர்க்கரையும் அதே கப்பலில்தான் வந்தது. எடுத்துக்க என்று அவள் சொன்னது காதிலேயே நிற்கிறது, ஆனால் நான் யாரை எடுத்துக்கொள்ள?

லீசல் நல்ல பிள்ளை. நான் சொன்னால் கேட்கிறாள், மூக்கைத் துடைக்கக் காட்டுகிறாள், முட்டைக்கோஸை என் தட்டிலிருந்து தின்கிறாள். விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல் அவ்வளவு மரியாதை. சாயங்காலம் ஆனால் ஜன்னலில் ஏறி உட்கார்ந்து மலைப் பாதையைப் பார்க்கிறாள். “யாருக்குடி காத்திருக்க?” என்று கேட்டேன். “சித்திக்கு” என்றாள். நீ சொல்லிக்கொடுத்த வார்த்தையை எனக்காகச் சொல்கிறாள், நான் வருத்தப்படுவேனென்று. மூன்றே முக்கால் வயதுக்கு இந்தச் சாமர்த்தியம் வேண்டியதில்லை.

நான் பிள்ளை இல்லாமல் அந்தத் தீவில் இருந்தேனே, அப்போது அவளுக்கு நீ இருந்தாய் என்ற ஆறுதலாவது இருந்தது. அது எனக்கு அப்போது ஆறுதலாகத் தெரியவில்லை. இப்போது அவளும் தனி, நானும் தனி, ஒரே அறையில் இருக்கிறோம். நீ அங்கே தறியில் தனியாக உட்கார்ந்து யாருக்கு நெய்கிறாய்?

உர்சுலா அக்காவிடம் பேசிவிட்டேன். இந்த வீட்டில் இரண்டு பேருக்கு வேலை இருக்கிறது, உனக்கு இஷ்டமிருந்தால் வரட்டும் என்றார். மூத்தவர்கள் சீட்டுப் போட வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஆனால் சீட்டு இல்லாமல் நீ ஓர் அடி எடுத்து வைப்பாயா? அதனால் நானே மூன்று சீட்டு மடித்து இதோடு வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடு. ஏமாற்றுத்தான், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றிலும் ‘வா’ என்றுதான் இருக்கிறது. சீட்டு விஷயத்தில் சிரிக்காதே என்று ஜடையை இழுக்க வேண்டுமானால் இங்கே வந்து இழு.

சலோமி


சாரோன்
1749 பிப்ரவரி 2

அன்புள்ள சலோமிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஜன்னல் விஷயத்தை மட்டும் ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை.

நீ விளையாட்டாகத்தான் மடித்தாய், எனக்குத் தெரியும். ஆனாலும் சீட்டு சீட்டுத்தான். முகம் கழுவிக்கொண்டு, முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் எடுத்தேன். என் பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன், சலோமி. லீசலுக்கென்று பின்னிய கையுறையை மேலாக வைத்திருந்தேன்.

மூன்றிலும் எழுதியதாகச் சொல்கிறாய். எனக்கு வந்தது காலிச் சீட்டு.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன். ஒரு புள்ளி மை இல்லை. நீ ஒன்றில் எழுத மறந்தாயோ, உன் விளையாட்டை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லையோ, நான் அறியேன். மற்ற இரண்டையும் வழக்கப்படி பிரித்துப் பார்க்காமல் அடுப்பில் போட்டேன். காலிச் சீட்டை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஆகவே காத்திருக்கிறேன். எவ்வளவு காலமென்று அதில் எழுதியிருக்காது. இங்கே பனி அதிகம். தறிச் சத்தம் நின்றால் ஒரு சத்தமும் இல்லை. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, நாளை பிரிப்பேன்.

லீசலை ஜன்னலில் ரொம்ப நேரம் உட்கார விடாதே. குளிர் அடிக்கும்.

ரெஜினா


எலிம்
1749 பிப்ரவரி 10

அடி பைத்தியக்காரி,

பெட்டியைப் பிரிக்காதே.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போ. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார். காகிதம் முழுக்கக் கீறல் இருக்கும். ஒன்றை நான் எழுதினேன், ஒன்றை உர்சுலா அக்கா எழுதினார், மூன்றாவதை லீசல் எழுதினாள். மை கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாதென்று நீதானே சொல்லிவிட்டுப் போனாய்?

நாக்கைத் துருத்திக்கொண்டு ரொம்ப நேரம் எழுதினாள். எழுதி முடித்து வாசித்தும் காட்டினாள். “அம்மா வா” என்று வாசித்தாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சலோமி